தினம் 5 கோப்பை மூலிகை டீ: சுருக்கம் போகவில்லை, கன்னம்தான் சிவக்கிறது

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 44 வயது. கணக்கெழுதும் வேலை, நாள் முழுக்க ஜன்னலோர மேசை. இரண்டு மாதத்துக்கு முன் யாரோ எடுத்த ஒரு குழுப் புகைப்படத்தில் என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். கண்ணோரம் விசிறி மடிப்பு, கன்னம் மங்கிப் போயிருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், வழக்கமான டீயை விட்டுவிட்டு மூலிகை டீக்கு மாறுவது என்று.

மாறினேன் என்றால் அரைகுறையாக இல்லை. காலையில் எழுந்ததும் கிரீன் டீ. காலைச் சாப்பாட்டோடு செம்பருத்தி டீ. மதியம் சாப்பிட்ட கையோடு பெப்பர்மிண்ட், செரிமானத்துக்கும் ஆயிற்று என்று. நான்கு மணிக்கு ரோஸ்ஹிப், அதாவது காட்டு ரோஜாக் காய். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கேமமைல், அதாவது சீமைச் சாமந்திப் பூ. ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் தேன். எல்லாவற்றையும் ஆவி பறக்கக் குடிப்பேன், ஆறினால் எனக்கு இறங்காது.

முதல் நாளும் அறுபதாவது நாளும் அதே இடத்தில், அதே நேரத்தில் படம் எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மடிப்பு அப்படியே இருக்கிறது. வலது கண்ணோரம் இடதைவிட அதிகமாக இருக்கிறது, அது முன்பிருந்தே அப்படித்தான் போல, இப்போதுதான் கவனித்தேன். புதிதாக வந்தது என்னவென்றால், டீ குடித்த பத்தாவது நிமிடம் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து அரை மணி நேரம் காந்துகிறது. "அம்மா, தக்காளி மாதிரி இருக்கே" என்கிறாள் மகள். சீப்பில் முடி கூடுதலாக வருகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. நல்லது ஒன்றே ஒன்று, தூக்கம் முன்பைவிடப் பரவாயில்லை.

உடம்பிலிருந்து நச்சு வெளியேறும்போது முதலில் இப்படித்தான் இருக்கும், விடாமல் குடி என்கிறாள் தோழி. அது உண்மையா? இதில் எந்த டீ தோலுக்கு நிஜமாகவே உதவும்? "கொலாஜன் டீ" என்று ஒன்று கண்ணில் பட்டது, அதையும் சேர்க்கலாமா? ஐந்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?


பூந்தொட்டி:

செம்பருத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்! அதைப் போடாக்ஸ் செடி என்றே சொல்கிறார்கள். நான் ஒரு வருடமாகக் குடிக்கிறேன், பார்ப்பவர்கள் எல்லாம் வயதைக் குறைத்துத்தான் சொல்கிறார்கள். கொலாஜன் டீ பற்றித் தெரியவில்லை. பல் கூச்சத்துக்கு பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள்.


சல்லடை:

அரைத்தூக்கம், உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். நீங்கள் குடிப்பதில் விஷம் எதுவும் இல்லை. எந்த நேரத்தில் குடிக்கிறீர்கள், எவ்வளவு சூட்டில் குடிக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மூலிகை டீ பொட்டலம் போடும் ஒரு நிறுவனத்தின் தரச் சோதனைக் கூடத்தில் 19 வருடம் வேலை பார்த்தேன். காய்ந்த பூவையும் இலையையும் சலித்து, தூசு எவ்வளவு, காம்பு எவ்வளவு, வேறு செடி கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இப்போது வயது 58. எனக்கும் கன்னத்தில் ரோசேசியா உண்டு, முகம் அடிக்கடி சிவந்து காந்துகிற தோல் நோய் அது, அதனால் உங்கள் தக்காளிக் கதை எனக்குப் பழைய கதை.

முதலில் சிவப்பு. 1981இல் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ரோசேசியா உள்ளவர்களுக்கு 60 டிகிரி சூட்டில் காபி கொடுத்தார்கள். அதே சூட்டில் வெறும் வெந்நீர் கொடுத்தார்கள். அறை வெப்பத்துக்கு ஆறிப்போன காபியும் கொடுத்தார்கள், காஃபீனைத் தனியாகவும் கொடுத்தார்கள். சூடான காபிக்கும் வெந்நீருக்கும் முகம் சிவந்தது. ஆறின காபிக்கும் காஃபீனுக்கும் சிவக்கவில்லை. ஆக, முகத்தைச் சிவக்க வைத்தது சூடு. வாய்க்குள் போகும் சூடு முகத்து ரத்தக் குழாய்களை விரிய வைக்கிறது, சிலருக்கு அது சட்டென்று அடங்குவதில்லை. நீங்கள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை அதைச் செய்கிறீர்கள். அடிக்கடி இப்படிச் சிவந்துகொண்டே இருந்தால் சிலருக்கு அந்தச் சிவப்பு நிலைத்தும் போகும். உங்களுக்கு இருப்பது ரோசேசியாதானா என்று தோல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஒரு வாரம் இதே டீக்களை வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆறினால் இறங்காது என்கிறீர்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் 2016இல் வைத்தது. எந்தப் பானம் என்பது அங்கேயும் பொருட்டில்லை, சூடுதான். ஆவி பறக்கக் குடிக்கிற பழக்கத்தை விட இது ஒரு காரணம் போதும்.

அடுத்து, முடி உதிர்வதும் மூச்சு வாங்குவதும். இதைப் படித்ததும் எனக்கு இரும்புச்சத்துதான் ஞாபகம் வந்தது. டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள், அதாவது வாயில் துவர்க்கிற அந்தச் சமாச்சாரம், தானியத்திலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கறுப்பு டீ இப்படிச் செய்யும் என்பது பலருக்குத் தெரியும். மூலிகை டீயும் செய்யும் என்பதுதான் தெரியாது. 1999இல் ரொட்டி உணவோடு பலவகை டீக்களைக் கொடுத்து அளந்து பார்த்தார்கள். வெறும் தண்ணீரோடு சாப்பிட்டதை ஒப்பிட்டால் கறுப்பு டீ இரும்பு சேர்வதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. பெப்பர்மிண்ட் 84 சதவீதம். கேமமைல் 47 சதவீதம். பெப்பர்மிண்ட்டைப் பார்த்தீர்களா? நம்மில் யாரும் அதைச் சந்தேகப்படவே மாட்டோம். ஆய்வுக்கூடத்தில் இருந்த எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது, மதியச் சாப்பாட்டோடு தினமும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மூன்று வேளைச் சாப்பாட்டோடும் ஒவ்வொரு டீயை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அதற்காக டீ மேல் மட்டும் பழி போட்டுவிடாதீர்கள். இரண்டே மாதத்தில் டீ ஒன்றே ஒருவரைச் சோகையில் தள்ளாது. 44 வயதில் மாதவிடாய் கூடுதலாகப் போகிறதா என்பதையும் மருத்துவர் கேட்பார். தைராய்டும் பார்க்கச் சொல்லலாம். ஏற்கனவே இரும்புக் கையிருப்பு குறைந்திருந்தால் டீ அதை இன்னும் கீழே தள்ளிவிட்டிருக்கும். ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் சேமித்து வைத்த இரும்பு எவ்வளவு என்று காட்டுவது அதுதான். ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் தரை தட்டிப் போயிருப்பதும் உண்டு. இனி சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள், அந்தத் தடை பெரிதும் குறைந்துவிடும். கன்னத்தில் மங்கல் என்றீர்களே, சோகை இருந்தால் முகம் அப்படித்தான் இருக்கும். முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று குடிப்பதே முகத்தை வெளிறச் செய்தால் எப்படி?

பல் கூச்சத்துக்குச் செம்பருத்தியைக் கேளுங்கள். டீயாக விற்கும் செம்பருத்தி, வேலியோரம் பெரிதாகச் சிவப்பாகப் பூக்கிறதே, அது கிடையாது. அது புளிச்சைக் கீரையின் கூட்டத்தைச் சேர்ந்த ரோசெல் என்ற வேறு செடி. பொட்டலத்தில் இருப்பது இதழும் இல்லை, பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு நிற்கும் புல்லி. புளிப்பு அதிலிருந்துதான் வருகிறது. எங்கள் கூடத்தில் அமிலத்தன்மை அளக்கும் கருவியை அதில் நனைத்தால் பழச்சாற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதை மெல்ல மெல்ல அரை மணி நேரம் உறிஞ்சினால் பல் எனாமல் அரை மணி நேரமும் அமிலத்தில் ஊறுகிறது. குடிப்பதென்றால் ஒரே மூச்சில் குடியுங்கள், பிறகு தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் தேய்க்காதீர்கள். பேஸ்ட்டை மாற்றிப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பேஸ்ட்டை மாற்றி என்ன செய்ய?

போடாக்ஸ் செடி என்பது விற்கிறவர்கள் வைத்த பெயர், பூந்தொட்டி. போடாக்ஸ் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை நிறுத்துகிறது, அதனால் தசை சுருங்காமல் மேலே இருக்கும் தோலும் மடியாமல் இருக்கிறது. ரோசெல் குடித்தால் அப்படி எதுவும் நடக்காது. ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்குத்தான் அதில் ஒழுங்கான ஆய்வு இருக்கிறது. உங்களை இளமை என்று சொல்கிறவர்கள் நிஜத்தைத்தான் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பெருமையை டீக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, தோலுக்கு எது உதவும்? ஐந்தில் கிரீன் டீக்குத்தான் ஏதோ கொஞ்சம் சாட்சி இருக்கிறது, அதுவும் ஒரு பக்கமாக இல்லை. (கண்டிப்பாகப் பார்த்தால் அது மூலிகை டீயே இல்லை, சாதாரண டீச் செடியின் இலைதான். போகட்டும்.) 2011இல் 60 பெண்களுக்கு 12 வாரம் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப்பேருக்கு தினம் 1400 மில்லிகிராம் அளவுக்குக் கேட்டசின்கள் (டீயில் உள்ள ஒருவகைப் பாலிஃபீனால்) கலந்த கிரீன் டீ பானம். புற ஊதா விளக்கில் தோல் சிவப்பது அவர்களுக்கு 25 சதவீதம் குறைந்தது, தோலின் ஈரமும் நெகிழ்வும் கூடியது. படித்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம். 2015இல் வேறு ஆட்கள் 50 பேருக்கு 12 வாரம் கேட்டசினோடு வைட்டமின் சியும் சேர்த்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது சிவப்பில் வித்தியாசமே தெரியவில்லை. அதற்கு முன்பே, 2009இல் வெளியான ஒன்றில், பெண்களுக்கு இரண்டு வருடம் கிரீன் டீச் சாரம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருட முடிவில், வெயிலால் முதிர்ந்த தோலைப் பார்த்தால் சாரம் குடித்தவர்கள், மருந்தில்லாத போலி மாத்திரை குடித்தவர்களைவிட மேலாக இல்லை. அந்த முதல் ஆய்வின் அளவை வீட்டில் எட்ட வேண்டுமென்றாலும் நன்றாக ஊறிய கிரீன் டீ ஐந்தாறு கோப்பை ஆகும்.

ரோஸ்ஹிப் பற்றி ஒரு வரி. பச்சைக் காயில் வைட்டமின் சி நிஜமாகவே ஏராளம். அதைக் காயவைத்து, மாதக்கணக்கில் கிடங்கில் போட்டு, பிறகு கொதிநீரில் ஊறவைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி சூட்டுக்கும் காற்றுக்கும் தாங்காது. கொலாஜன் உருவாக வைட்டமின் சி கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் ஈறில் ரத்தம் வரும், புண் ஆறாது. ஆனால் தேவைக்குக் கிடைத்த பிறகு கூடுதலாக ஊற்றினால் கொலாஜன் கூடுதலாகச் சுரக்காது.

கொலாஜன் டீ என்றால் டீத்தூளில் விலங்குத் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ எடுத்த கொலாஜன் பொடியைக் கலந்திருப்பார்கள். எந்தச் செடியிலும் கொலாஜன் கிடையாது. "முழுக்க மூலிகை" என்றும் "கொலாஜன் நிறைந்தது" என்றும் ஒரே பொட்டலத்தில் அச்சடித்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். இப்படி ஒரு பொட்டலம் ஒருமுறை எங்கள் மேசைக்கே வந்தது, நாங்கள் நாலு பேரும் சிரித்துவிட்டுச் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினோம்.

கேமமைலுக்குத் தோலின் மேல் நேரடி மந்திரம் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தூக்கம் வந்தது, அது போதாதா? நல்லதுதானா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காய்ந்த பூ ஒன்றின் நடு மஞ்சள் கூம்பைப் பிளேடால் நேர் பாதியாக வெட்டுங்கள். உள்ளே வெறும் குழியாக இருந்தால் அசல். நிறைந்து கெட்டியாக இருந்தால் அதே மாதிரித் தோற்றமுள்ள வேறு செடி. மோந்தால் ஆப்பிள் வாசம் வர வேண்டும், கிரேக்கத்தில் அதன் பெயரே தரை ஆப்பிள் என்று பொருள்படும். 19 வருடத்தில் நான் வெட்டிய கூம்புகளைக் கொட்டினால் ஒரு சாக்கு நிரம்பும்.

தேன். ஐந்து டீஸ்பூன் தேனில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை வந்துவிடும். தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எப்போதும் கூடுதலாக இருந்தால் அது கொலாஜன் இழையில் போய் ஒட்டி இழைகளை விறைக்க வைக்கும். தோலுக்காக டீயும் போட்டு அதிலேயே தேனும் ஊற்றுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை.

நச்சு வெளியேறுகிறது என்கிற உங்கள் தோழிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. உடம்பு ஒன்றைச் சொன்னால் அதை அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. மேசையில் உட்கார்ந்தால் ஜன்னல் உங்களுக்கு வலப்பக்கமா?


அரைத்தூக்கம்:

ஆமாம் அக்கா, வலப்பக்கம்தான். ஒன்பது வருடமாக. இது எப்படித் தெரிந்தது?


சல்லடை:

வலது கண்ணோரம் அதிகம் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். ஜன்னல் கண்ணாடி தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். ஆழமாகப் போகும் புற ஊதா ஏ கதிரை உள்ளே விட்டுவிடும். சுடாததால் நமக்குத் தெரிவதும் இல்லை. 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் ரொம்பப் பிரபலம்: 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர். கண்ணாடிப் பக்கம் இருந்த இடது முகம் முழுக்கத் தடித்து வரிவரியாக மடிந்திருக்கும், வலது முகம் பத்துப் பதினைந்து வயது இளையவருடையது போல இருக்கும். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே டீ.

உங்களுக்கு அவ்வளவு இருக்காது, பயப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குக் கீழ் 903 பேரை நாலரை வருடம் பின்தொடர்ந்தார்கள், 2013இல் முடிவு வந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்ன குழுவுக்கு, விருப்பம் போலப் பூசியவர்களைவிடத் தோல் முதிர்வு 24 சதவீதம் குறைவு. புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்து வரிகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. அதே ஆய்வில் பாதிப்பேருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. பூசியது வேலை செய்தது, விழுங்கியது செய்யவில்லை.

மேசையைத் திருப்பிப் போட முடியுமா பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு கனமான திரை. வெளியே போகாத நாளிலும் சன்ஸ்கிரீன்.


ஒற்றைச்சக்கரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 24 வயது, ஆண். தாடையிலும் முதுகிலும் பரு. புதினா டீ பருவைக் குறைக்கும் என்று படித்து அக்காவுக்கும் எனக்குமாகப் பெரிய பொட்டலம் வாங்கிவிட்டோம். கூடவே 'தோல் சுத்திகரிப்பு டீ' என்று ஒன்று, அதைக் குடித்தால் காலையில் மூன்று தடவை போகிறது, முகம் லேசானது மாதிரி இருக்கிறது. இரண்டையும் தொடரலாமா?


சல்லடை:

தம்பி, முதலில் அந்தச் சுத்திகரிப்பு டீயின் பின்பக்கத்தைப் படி. நிலாவரை, நிலவாகை, சென்னா, இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது பேதி மருந்து. தோலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், குடலும் அது இல்லாமல் அசைய மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும். முகம் லேசானது மாதிரித் தெரிந்தது உடம்பில் தண்ணீர் குறைந்ததால். இன்றோடு நிறுத்து.

புதினாவில் ஈட்டிப் புதினா என்கிற ஸ்பியர்மிண்ட்தான் அந்த ஆய்வுகளில் வருவது. 2010இல் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பிசிஓஎஸ்) உள்ள 42 பெண்களைப் பிரித்து ஒரு பாதிக்கு தினம் இரண்டு வேளை 30 நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. அவர்களுக்கே முகத்து முடி குறைந்த மாதிரித் தோன்றியது, ஆனால் மருத்துவர் அளந்தபோது முடியில் மாற்றம் இல்லை, ஒரு மாதம் அதற்குப் போதாது. பருவை அவர்கள் அளக்கவே இல்லை. உன் அக்காவுக்கு அந்தப் பிரச்சினை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கலாம். நீ ஆண், ஆண் ஹார்மோனைக் குறைக்கலாம் என்று சந்தேகம் உள்ள ஒன்றைப் பருவுக்காக தினம் ரெண்டு வேளை குடிப்பானேன்? எப்போதாவது ஒரு கோப்பை என்றால் பாதகமில்லை. முதுகுவரை பரு வந்திருந்தால் தோல் மருத்துவரிடம் போ. அதற்கு வேலை செய்கிற மருந்துகள் இருக்கின்றன, தாமதித்தால் தழும்புதான் மிச்சம்.

எது எந்தப் புதினா என்று தெரிய வாயில் போட்டு மென்று மூச்சை உள்ளே இழு. ஜில்லென்று அடித்தால் பெப்பர்மிண்ட், அது மெந்தால். ஜில்லிப்பு இல்லாமல் இனிப்பாக வாசம் மட்டும் வந்தால் ஸ்பியர்மிண்ட்.


மாத்திரைப்பட்டை:

மருந்துக்கடையில் நிற்கிறவன் நான். சல்லடை அம்மா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன், அவர் ருசியும் தரமும் பார்க்கிறவர், நான் இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கேமமைலை நிறையக் குடிக்கக் கூடாது, அப்படிக் குடித்து உள்ளே ரத்தக் கசிவோடு மருத்துவமனைக்கு வந்த ஒருவரைப் பற்றி 2006இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். சாமந்திக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கேமமைல் ஆகாது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் செம்பருத்தியைக் குடம் குடமாகக் குடித்தால் அழுத்தம் கூடுதலாக இறங்கலாம். தோல் நிறத்துக்கு என்று அதிமதுர டீ குடிப்பவர்களும் கடைக்கு வருகிறார்கள். அதிலுள்ள கிளிசரைசின் நாள்படக் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம். மனச்சோர்வுக்கு என்று செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் டீ குடிக்கிறவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும், கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும்.

இன்னொன்று. டீ வேண்டாம் என்று கிரீன் டீச் சார மாத்திரைக்குத் தாவிவிடாதீர்கள். தினம் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜி (கிரீன் டீயில் உள்ள முக்கியக் கேட்டசின்) உள்ளே போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் எச்சரித்தது. வழக்கமாக ஊறவைத்துக் குடிக்கும் கிரீன் டீயைப் பற்றி அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் அம்மாவோடு ஒத்துப்போகவில்லை. விழுங்கியது எதுவும் வேலை செய்யாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பீட்டா கரோட்டின் தோற்றால் பீட்டா கரோட்டின் தோற்றது, அவ்வளவுதான்.


சல்லடை:

நியாயம். அந்த ஒரு வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.


அரைத்தூக்கம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நிறையப் பேர் தனிச்செய்தியில் என்ன ஆச்சு என்று கேட்டீர்கள்.

ரத்தப் பரிசோதனை எடுத்தேன். ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் குறைவு. ஃபெரிட்டின் 11. 15க்குக் கீழே போனாலே கையிருப்பு காலி என்று அர்த்தமாம். மருத்துவர் முதலில் கேட்டது மாதவிடாய் பற்றித்தான், அங்கேதான் முக்கியக் காரணம் இருக்கும் என்கிறார், அதற்குத் தனியாக ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரும்பு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. "மாத்திரையை டீயோடு விழுங்காதே" என்று அவரும் சொன்னார். நான் சிரித்தேன், ஏன் சிரிக்கிறாய் என்றார், உங்கள் பெயர்களைச் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன்.

கன்னம் லேசான ரோசேசியாதானாம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி 45 டிகிரி வந்த பிறகுதான் வாயில் வைக்கிறேன். முதல் நாலு நாள் குடிக்கவே பிடிக்கவில்லை. இந்த மூன்று வாரத்தில் இரண்டே தடவைதான் சிவந்தது, இரண்டும் நான் பொறுமையில்லாமல் அவசரப்பட்ட நாட்கள். ஐந்து கோப்பை இரண்டாகிவிட்டது: பதினொரு மணிக்கு கிரீன் டீ, படுக்கப் போகுமுன் கேமமைல், இரண்டும் சாப்பாட்டிலிருந்து தள்ளி. தேன் இல்லை. தேன் இல்லாத கிரீன் டீ இவ்வளவு கசக்கும் என்று தெரியாது, தண்ணீரைக் கொதிக்கவிடாமல் 75 டிகிரியில் ஊற்றினால் கசப்பு குறைகிறது என்று நானே கண்டுபிடித்தேன், தெர்மாமீட்டர் கையில் இருக்கிறதே.

மேசையைத் திருப்பிப் போட்டேன். இப்போது இடது கன்னம் ஜன்னல் பக்கம் வந்துவிட்டது. "இன்னும் ஒன்பது வருடத்தில் இரண்டு பக்கமும் சமமாகிவிடும்" என்கிறார் கணவர். திரையும் வாங்கிவிட்டேன்.

கேமமைல் பூ பத்தை பிளேடால் வெட்டினேன் அக்கா. ஒன்பதில் குழி இருந்தது. பத்தாவது தூளாகிவிட்டது, கணக்கில் சேர்க்கவில்லை. செம்பருத்தியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன், அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை இல்லை என்று கேட்டுவிட்டுத்தான். ரோஸ்ஹிப் மட்டும் அரைப் பொட்டலம் மிச்சம் இருக்கிறது. வைட்டமின் சியும் இல்லை என்றால் அதை என்ன செய்வது?


சல்லடை:

குடியுங்கள். புளிப்பும் இனிப்புமாக நன்றாகத்தானே இருக்கும். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், உள்ளே பொடி ரோமம் இருக்கும், தொண்டையை அரிக்கும். அப்புறம் அந்தப் பத்தாவது பூவையும் கணக்கில் சேர்க்க வேண்டும், எங்கள் கூடத்தில் தூளானதைத் தனியாக எடை போட்டு எழுதுவோம்.